ஹாரி பாட்டரைத் தேடிப் போவதென்றால் எந்த ஊருக்கு?

மகளுக்கு 13 வயது. ஹாரி பாட்டர் வரிசையின் ஏழு புத்தகங்களையும் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கணக்கில்லை. மூன்றாவது புத்தகத்தின் அட்டை கழன்று, செல்லோடேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிக் கிடக்கிறது. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது “ஒரு தடவை அங்க போயிட்டு வரணும்ப்பா” என்றாள். ‘அங்க’ என்றால் எங்கே என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. எனக்கும் தெரியாது என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

தேடினால் நான்கு ஊர்கள் வந்து நின்றன. லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ, அப்புறம் போர்ச்சுகலில் இருக்கும் போர்ட்டோ. ஒவ்வோர் ஊரிலும் ஹாரி பாட்டர் நடைச்சுற்றுலா உண்டு. இந்தத் தெருதான் கதையில் வரும் மந்திரக் கடைத்தெரு டயகன் ஆலி என்பார் ஒருவர், இந்தப் படிக்கட்டுதான் ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளி ஹாக்வார்ட்ஸ் என்பார் இன்னொருவர். எங்களுக்கு இருந்த லீவோ பத்து நாள். காசும் அளந்துதான் இருந்தது. கடைசியில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ மூன்றுக்கும் குடும்பத்தோடு போனோம். போர்ட்டோவுக்கு மட்டும் அதற்கு முன்பே அலுவலக வேலையாக நான் தனியாகப் போயிருந்தேன். மறுபடி ஒரு தடவை போவதென்றால் இப்படிச் சுற்ற மாட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு உங்களுக்குள் பதில் தெரிய வேண்டும்: தேடிப் போவது புத்தகத்தையா, படத்தையா? சுற்றுலாக்காரர்கள் இதை வேண்டுமென்றே குழப்பிவிடுகிறார்கள். ‘ஹாரி பாட்டர் இடங்கள்’ என்ற ஒரே பையில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. எழுத்தாளர் ஜே.கே. ரோலிங் உட்கார்ந்து எழுதிய இடங்கள் ஒரு வகை. படப்பிடிப்பு நடந்த இடங்கள் இன்னொன்று. மூன்றாவது, ‘பார்த்தால் அப்படியே இருக்கிறதே’ என்று யாரோ சொல்லப்போய், அது பரவி, வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்ட இடங்கள். கூட்டம் அதிகம் மூன்றாவதில்தான்.

இதை ரோலிங்கே 2020-இல் ட்விட்டரில் ஒரு பிடி பிடித்தார். ஹாக்வார்ட்ஸ் பள்ளி தான் பார்த்த ஏதோ அழகான கட்டடத்திலிருந்து வந்தது என்று ஆளாளுக்குச் சொல்வதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது, உண்மைக்கும் அதற்கும் வெகுதூரம் என்று எழுதினார். கதையின் பொறி தட்டியது 1990-இல், மான்செஸ்டரிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு வந்துகொண்டிருந்த ரயிலில். முதன்முதலாகப் பேனா எடுத்து எழுதியது லண்டன் கிளாப்பம் ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டில். ஆக, பிறந்த இடம் என்று பார்த்தால் ஒரு ரயில் பெட்டியும் ஒரு வாடகை அறையும்தான். இரண்டுக்கும் டிக்கெட் விற்க முடியாது.

போர்ட்டோவை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முதல் சிக்கல் விசா. மற்ற மூன்று ஊருக்கும் பிரிட்டிஷ் விசா ஒன்று போதும். போர்ட்டோவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும்; பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், திரும்பவும் அதே பேங்க் ஸ்டேட்மென்ட், அதே போட்டோ, அதே வரிசை.

அங்கே போய்ப் பார்ப்பது என்ன? ரோலிங் 1991 முதல் 1993 வரை போர்ட்டோவில் ஆங்கில ஆசிரியையாக இருந்தார். அது உண்மை. அந்த ஊரில் லெல்லோ என்று 1906-இல் திறந்த ஒரு புத்தகக் கடை இருக்கிறது. நடுவில் சிவப்புப் படி போட்ட மாடிப்படி இரண்டாகப் பிரிந்து வளைந்து ஏறும், தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. படத்தில் பார்த்தாலே ‘ஹாக்வார்ட்ஸ்!’ என்று தோன்றும். தோன்றியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘இந்தப் படிக்கட்டுதான் ரோலிங்குக்கு ஊக்கம்’ என்று உலகமே நம்பி, 2015-இல் 3 யூரோ நுழைவுச் சீட்டு வைக்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. சீட்டின் விலை அதற்கப்புறம் ஏறியிருக்கிறது. புத்தகம் வாங்கினால் அதில் கழித்துக்கொள்வார்கள். ரோலிங் என்ன சொன்னார் தெரியுமா? அந்தக் கடைக்குத் தான் போனதே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அழகாக இருக்கிறது, போயிருந்திருக்கலாம், ஆனால் ஹாக்வார்ட்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கூடவே ஓர் ஆறுதல் பரிசும் கொடுத்தார். சாந்தா கத்தரீனா தெருவில் இருக்கும் மஜெஸ்டிக் என்ற காபிக் கடையில் சில சமயம் உட்கார்ந்து எழுதியதுண்டாம். தான் எழுதிய காபிக் கடைகளிலேயே அழகானது அதுவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். நான் போனபோது அங்கே ஒரு காபி சாப்பிட்டேன். 1921-இல் தொடங்கிய கடை. பெரிய பெரிய கண்ணாடி, செதுக்கு வேலை செய்த மரச் சட்டம், வெள்ளைக் கோட்டு போட்ட பரிமாறுபவர்கள். சாதாரணக் கடையைவிட விலை கூடுதல். அந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் சில நாட்களில் கால்வரை தொங்கும் கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு கும்பலாக நடந்து போவார்கள். அதைப் பார்க்கும்போது யாராக இருந்தாலும் ஒரு கணம் திரும்பித்தான் பார்ப்பார்கள். போர்ட்டோ அருமையான ஊர், ஆற்றங்கரைக்காகவே போகலாம். ஆனால் ‘ஹாரி பாட்டருக்காக’ என்று குழந்தையிடம் சொல்லிக் கூட்டிப்போனால், ஒரு காபிக்கு மேல் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டு வேறு ரகம். லண்டன் பாடிங்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே இருப்பதெல்லாம் படம்தான், புத்தகம் இல்லை. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கல் படிக்கட்டில்தான் முதல் படத்தில் பேராசிரியர் மெக்கோனகல் புது மாணவர்களை வரவேற்பார். படி ஏறினால் உணவுக்கூடம். அதைப் பார்த்துத்தான் ஸ்டூடியோவில் செட் போட்டார்களே தவிர, கூடத்துக்குள் படம் பிடிக்கவில்லை. பாட்லியன் நூலகத்தின் டிவினிட்டி ஸ்கூல் என்ற 15-ஆம் நூற்றாண்டு மண்டபம்தான் படத்தில் ஹாக்வார்ட்ஸின் மருத்துவ அறை. நியூ காலேஜ் பிராகாரத்தில் இருக்கும் மரத்தடியில்தான் நான்காவது படத்தில் ஹாரியைச் சீண்டும் மாணவன் மால்ஃபாயை மரநாயாக்கும் காட்சி. ஒரு வேடிக்கை: ரோலிங் ஆக்ஸ்ஃபோர்டுக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தார். சீட் தராத பல்கலைக்கழகத்தின் படிக்கட்டில் இன்று அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் நிற்கிறது.

போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். கிறைஸ்ட் சர்ச் உணவுக்கூடம் மாணவர்கள் நிஜமாகவே சாப்பிடும் இடம். மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் பார்வையாளர்களை விட மாட்டார்கள். எங்களுக்கு அது தெரியாமல் பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்று, வெளியே புல்வெளியில் உட்கார்ந்து பிரெட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொடரை மாற்றிக்கொண்டால் விடையே மாறிவிடும் ஊர் அது. அந்த உணவுக்கூடத்தின் கணப்படுப்பில் பித்தளையில் இரண்டு தாங்கிகள் நிற்கின்றன, பெண் தலையும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்ட கழுத்துமாக. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையில் ஆலிஸுக்குக் கழுத்து நீள்கிற காட்சி அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல் அதே கல்லூரியில் கணக்கு வாத்தியார். நிஜ ஆலிஸ் அந்தக் கல்லூரித் தலைவரின் மகள். 1862 ஜூலை 4-ஆம் தேதி தேம்ஸில் படகு விட்டபோது சொன்ன கதை அது. ‘இங்கிருந்துதான் வந்திருக்குமோ’ என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, எழுதினவரே அந்தக் கூடத்தில் சாப்பிட்டவர்.

பிலிப் புல்மேனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ வரிசையைப் படித்தவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டைத் தவிர வேறு ஊரே கிடையாது. கதையின் நாயகி லைரா வளர்ந்த ஜோர்டன் கல்லூரி, புல்மேன் தானே படித்த எக்ஸெட்டர் கல்லூரியின் சாயல். (ரோலிங் படித்த எக்ஸெட்டர் வேறு ஊர், குழம்ப வேண்டாம்.) பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, லைரா இரண்டாவது புத்தகத்தில் அங்கே வந்து துளையிட்ட மண்டையோடுகளைப் பார்ப்பாள். 1621-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் கோடியில் ஒரு மர பெஞ்சு இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் அந்த பெஞ்சில்தான் முடிகின்றன. எப்படி முடிகிறது என்று சொல்ல மாட்டேன். பலகையில் கதையின் நாயகி, நாயகன் இரண்டு பேரின் பெயர்களையும் யார் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். மகள் அந்தத் தொடரைப் படித்ததில்லை, ஐஸ்கிரீம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி மட்டும் பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை.

சரி, லண்டன். எப்படியும் விமானம் அங்கேதான் இறங்கும், அதனால் அது ‘போகலாமா வேண்டாமா’ என்ற கேள்வியே இல்லை. எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதுதான் கேள்வி. கதையில் ஹாக்வார்ட்ஸ் ரயிலைப் பிடிக்க மாணவர்கள் சுவருக்குள் புகுந்து போகும் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டியும் ‘பிளாட்ஃபாரம் 9¾’ என்ற பலகையும் வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, ஆனால் வரிசை உண்டு. கழுத்துக்கு ஸ்கார்ஃப் கொடுத்து, அது பறக்கிற மாதிரி ஒருவர் பின்னால் நின்று வீசிவிட, போட்டோ. காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் சீக்கிரம் ஆகும் என்று கேள்விப்பட்டு ஏழரைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஆறே பேர்தான்.

அந்த வண்டி வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடலாம். புத்தகம் எழுதும்போது வேறொரு நிலையமான யூஸ்டனின் அமைப்பை மனதில் வைத்துக் குழப்பிவிட்டேன் என்று ரோலிங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார். படத்துக்கு அவர்கள் படம் பிடித்தது 4, 5-ஆம் பிளாட்ஃபாரங்களுக்கு நடுவில். ஆனால் கிங்ஸ் கிராஸுக்கும் அவருக்கும் இருக்கும் பந்தம் பொய்யில்லை. அவருடைய அம்மாவும் அப்பாவும் 1964-இல் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டதே கிங்ஸ் கிராஸிலிருந்து ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்துக்குப் போன ரயிலில்தான். கதை தோன்றிய ரயில் வந்து நின்றதும் அதே நிலையம். இவ்வளவு இருக்கும்போது ஹாக்வார்ட்ஸ் ரயில் வேறு எங்கிருந்து கிளம்பும்?

லண்டனில் மற்றவை பெரும்பாலும் படம்தான். லெடன்ஹால் சந்தையின் கூரை போட்ட தெரு முதல் படத்தில் டயகன் ஆலிக்குப் போகும் வழி. ஆறாவது படத்தில் முறுக்கிக்கொண்டு விழுகிற மில்லேனியம் பாலத்தில் நடக்கலாம். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடலாம், அதற்காகத் தனியாகக் காசு கொடுத்துச் சுற்றுலா எடுக்கத் தேவையில்லை.

பெரிய செலவு லீவ்ஸ்டன் ஸ்டூடியோ. லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டு பக்கம், யூஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் 20 நிமிஷம், அங்கிருந்து ஸ்டூடியோ பஸ். இரண்டாம் உலகப்போரில் மஸ்கிட்டோ போர் விமானம் செய்த தொழிற்சாலை, அப்புறம் பத்து வருஷம் எட்டுப் படங்களும் எடுத்த இடம், 2012-இல் மக்களுக்குத் திறந்தார்கள். நபருக்கு ஐம்பது பவுண்டுக்கு மேல், முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பள்ளி விடுமுறை என்றால் மாதக்கணக்கில் முன்னால் பதிய வேண்டும். உணவுக்கூட செட், டயகன் ஆலி, தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் அறை எல்லாம் நிஜமாகவே நிற்கின்றன. கடைசி அறையில் ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் மாதிரி, 24-இல் ஒரு பங்கு அளவு. விளக்கு மெல்ல மங்கி, ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம் ஏற, கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டது. படங்களைப் பார்த்து வளர்ந்த குழந்தையென்றால் யோசிக்கவே வேண்டாம், மற்ற மூன்று ஊரையும் விட்டுவிட்டு இங்கே கூட்டிப்போங்கள். நாலு மணி நேரத்தில் அது எதிர்பார்த்ததெல்லாம் கிடைத்துவிடும்.

என் மகள் வெளியே வந்ததும் சொன்னது: “நல்லா இருந்துச்சுப்பா. ஆனா டம்பிள்டோர் ரூம் நான் நினைச்ச மாதிரி இல்ல.” புத்தகத்தை முதலில் படித்த குழந்தைகளின் சிக்கல் அது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு செட் இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எடின்பரோ. அங்கே போகும் வழியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது: எடின்பரோ ரயில் கிளம்புவது கிங்ஸ் கிராஸிலிருந்துதான். ஹாக்வார்ட்ஸ் ரயில் மாதிரியே வடக்கே ஸ்காட்லாந்துக்கு. சுமார் 630 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். வலது பக்கம் சீட் கேட்டு வாங்குங்கள். டர்ஹம் வரும்போது மேட்டின் மேல் பேராலயம் தெரியும். முதல் இரண்டு படங்களில் ஹாக்வார்ட்ஸ் பிராகாரமாக வந்தது அதுதான். அப்புறம் நியூகாசில் பாலங்கள், பெர்விக் தாண்டினால் கடல். பெர்விக்கில் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு 28 வளைவுகள். படத்தில் நீராவி ரயில் போகிற கிளென்ஃபின்னன் பாலத்துக்கு 21-தான். என்ன, பாலத்தின் மேல் இருக்கும்போது பாலம் தெரியாது.

ரோலிங் எடின்பரோவுக்கு வந்தது 1993 டிசம்பரில், கைக்குழந்தையோடும் முதல் மூன்று அத்தியாயங்களோடும். தங்கை அங்கே இருந்ததுதான் காரணம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத் தெருவாக நடந்து, அது தூங்கியதும் பக்கத்துக் காபிக் கடைக்குள் நுழைந்து எழுதுவார். வீட்டில் கணப்புக்கு வழியில்லாமல் கடைக்குப் போனார் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை அவரே மறுத்திருக்கிறார்; எடின்பரோ குளிரில் கணப்பில்லாத வீட்டை வாடகைக்கு எடுக்க நான் என்ன முட்டாளா என்று கேட்டார். அவர் உட்கார்ந்த கடைகளில் ஒன்று நிக்கல்சன்ஸ், மாடியில். தங்கை கணவருக்கு அதில் பங்கு இருந்தது. இப்போது அந்தப் பெயரில் கடை இல்லை. டிரம்மண்ட் தெரு முனையில், கட்டடச் சுவரில் சின்னதாக ஒரு பலகை மட்டும், ஆரம்ப அத்தியாயங்கள் சிலவற்றை இந்த மாடியில் எழுதினார் என்று. இரண்டு தடவை அந்த முனையைத் தாண்டிப் போய்விட்டு மூன்றாவது தடவைதான் பார்த்தோம். கீழே ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்க எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

கூட்டமெல்லாம் ஐந்து நிமிஷ நடையில், ஜார்ஜ் IV பாலத்தெருவில் இருக்கும் எலிஃபண்ட் ஹவுஸுக்குத்தான். ‘ஹாரி பாட்டரின் பிறப்பிடம்’ என்று ஜன்னலில் எழுதி வைத்துப் பேர் வாங்கிய கடை. அந்தக் கடைக்குள் கால் வைப்பதற்குப் பல வருஷம் முன்பே கதை எழுத ஆரம்பித்துவிட்டேன், ஆனால் அங்கே உட்கார்ந்து எழுதியது உண்மை, போகட்டும் விடுங்கள் என்று ரோலிங் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டார். 2021 ஆகஸ்டில் பக்கத்தில் பிடித்த தீயில் கடை சேதமாகி வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் நஷ்டமில்லை.

ஏனென்றால் எடின்பரோவில் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். அன்று தூறல், மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போடலாம் போல இருட்டு. பழைய நகர மதிலில் இருக்கும் வாசலைத் தாண்டி உள்ளே போனால், சுவரோடு சுவராகக் கல்லறைகள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: தரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். புல் தேய்ந்து சேறாகிக் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே தாமஸ் ரிடெல் என்ற பெயர். கதையின் வில்லன் வால்டமோர்ட்டின் இயற்பெயர் டாம் ரிடில், அதனால்தான் கூட்டம். மகள் செல்போன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்பா தாமஸ் ரிடெல், 1806-இல் 72 வயதில் இறந்தவர். மகனும் தாமஸ் ரிடெல்தான், படையில் கேப்டன், 1802-இல் டிரினிடாட் தீவில் இறந்தபோது வயது 26. “அப்பா பேரே பையனுக்கும்! அப்படியே வால்டமோர்ட் மாதிரி” என்றாள். புத்தகத்தில் டாம் ரிடிலுக்கு வெறுத்துப்போனதே அந்தப் பெயர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எத்தனையோ கட்டுரை படித்துவிட்டுப் போயிருந்தேன், எதிலும் இதைப் பார்த்ததில்லை. கல்லறைக்கும் கதைக்கும் முடிச்சுப் போட்டவர்கள் வாசகர்கள்தான், அதை மறக்க வேண்டாம். ஆனால் மெக்கோனகல் என்ற பெயர் அதே தோட்டத்தில் 1902-இல் அடக்கமான வில்லியம் மெக்கோனகலிடமிருந்து எடுத்தது என்பதை ரோலிங்கே சொல்லியிருக்கிறார். மகா மட்டமான கவிதை எழுதியதற்காகவே பேர் வாங்கிய கவிஞர் அவர்.

தோட்டத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் ஹெரியட்ஸ் பள்ளி. நாலு மூலையில் நாலு கோபுரம், மாணவர்களை நாலு அணியாகப் பிரித்திருக்கிறார்கள். 1628-இல் நிறுவியது. இதுவும் ‘பார்த்தால் அப்படியே’ ரகம்தான். உள்ளே விட மாட்டார்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளி. கல்லறை பக்கமிருந்து பார்ப்பதுதான் சரியான பார்வை. வளைந்து இறங்கும் விக்டோரியா தெருவையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயகன் ஆலி என்பார்கள், கடைகள் வண்ண வண்ணமாக இருக்கும், மந்திரக்கோலுக்கு நம் ஊரில் ஒரு வார மளிகைக் காசு ஆகும்.

ராயல் மைல் தெருவில் செயின்ட் கைல்ஸ் ஆலயத்துக்கு எதிரே நகரமன்ற முற்றத்தில் ரோலிங்கின் கைத்தடங்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள், 2008-இல் நகரம் கொடுத்த விருதுக்காக. மழைத் தண்ணீர் விரல் பள்ளங்களில் தேங்கி நின்றது. அதைத் துடைத்துவிட்டு மகள் கையை வைத்துப் பார்த்தாள், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எங்கள் பத்து நாளில் ஒரு பைசா செலவில்லாத நிமிஷம் அது. லீவ்ஸ்டன் கோட்டையும் இதுவும் எதிரெதிரே நின்றால் எனக்கு இதுதான்.

கிளென்ஃபின்னன் பாலத்தையும் ஒரே நாளில் எடின்பரோவிலிருந்து பார்த்து வரலாம் என்று விளம்பரம் செய்வார்கள். விடிகாலையில் கிளம்பி ராத்திரி திரும்பும் பஸ். மலை அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் படத்துக்காக அத்தனை நேரம் பஸ்ஸில் உட்காருவதற்கு லீவ்ஸ்டன் தேவலை. நாங்கள் போகவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். புத்தகப் பைத்தியங்களுக்கு லண்டனில் இரண்டு நாள், எடின்பரோவில் இரண்டு ராத்திரி. லண்டனில் தள்ளுவண்டி போட்டோவை எடின்பரோ ரயில் பிடிக்கிற அன்று காலையிலேயே முடித்துக்கொள்ளலாம், தனியாக ஒரு நாள் வேண்டாம். படப் பைத்தியங்களுக்கு லீவ்ஸ்டன், லெடன்ஹால், நேரமிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு; எடின்பரோ வேண்டாம், அங்கே போய் “என்னப்பா, ஒண்ணுமே இல்ல” என்பார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்று புத்தகம் ஒன்று படம் என்றால் கடவுள் காப்பாற்றட்டும், இரண்டையும் செய்ய வேண்டியதுதான். பெரியவர்கள் மட்டும் போவதென்றால், ஹாரி பாட்டரை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள் என்பேன்.

ரயில் டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்னால் எடுத்தால் விலை பாதிக்கும் கீழே வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஃபேமிலி ரெயில்கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. எடின்பரோ போய்வருகிற ஒரே பயணத்தில் கார்டு காசு திரும்பிவிடும். ஆகஸ்டில் எடின்பரோ பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், கலைவிழா மாதம், ஓட்டல் வாடகை கண்ணைக் கட்டும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குச் சூரியன் போய்விடும். மே, ஜூன் நல்லது. குடை கொண்டுபோவது வீண், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் வேலைக்கு ஆகும். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆட்டின் உள்ளுறுப்புகளை வைத்துச் செய்யும் ஸ்காட்லாந்துப் பதார்த்தமான ஹாகிஸையே பருப்பும் ஓட்ஸும் போட்டுச் சைவமாகச் செய்கிறார்கள். மிளகு தூக்கலாக, எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது வேவர்லி நிலையத்துக்கு மேலே நிற்கும் பால்மோரல் ஓட்டலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள், நாய்கள், ஜன்னல் துடைக்க வந்தவர் எல்லாரும் சேர்ந்து எழுத விடாமல் பண்ணிய ஒரு நாளில், ரோலிங் இங்கே அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 552-ஆம் அறையில் ஏழாவது புத்தகத்தை முடித்த தேதி 2007 ஜனவரி 11. அந்த அறையின் வாடகையை விசாரித்துவிட்டு நாங்கள் வாசலோடு திரும்பினோம். கோபுரக் கடிகாரம் மட்டும் எல்லாருக்கும் இலவசம். ரயிலைத் தவற விடக்கூடாது என்று அதை எப்போதும் மூன்று நிமிஷம் முன்னால் ஓட விட்டிருக்கிறார்கள், வருஷக் கடைசி ராத்திரி மட்டும்தான் சரியான நேரம். இது தெரியாமல் நாங்கள் இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினோம். அது உங்கள் ரயிலுக்கு இன்னும் நாலு நிமிஷம் என்று காட்டினால், ஏழு இருக்கிறது.